மாதா கோவிலுக்கு சோலார்: முட்டுக்கட்டை எங்கே?

கரியாலூருக்குக் கோடை விழா பார்க்கப் போகிறவர்கள் படகு ஓட்டி, பூங்காவைச் சுற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலை இறங்கிவிடுவார்கள். இருட்டிய பிறகு மலையில் என்ன பாடு என்பது அவர்களுக்குத் தெரியாது. காற்று மழையில் காட்டுக்குள் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் போச்சு! லைன்மேன் டார்ச் லைட்டோடு தேடிப் போய்ச் சரி செய்கிற வரைக்கும் கரண்டு கிடையாது.

கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையை விட்டு அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1976-ல்தான். ரோடும் ஆஸ்பத்திரியும் அங்கே தாமதமாகத்தான் ஏறின. 2024-ல் சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்து, மலைவாசிகளின் வசதிகளைப் பற்றி விசாரிக்க வேண்டி வந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் கூரை மேல் சோலார் தகடு போட்டு, பாட்டரியில் கரண்டு சேர்த்து வைப்பது ஆடம்பரம் அல்ல. 2011-ல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கே சோலார் விளக்கு கொடுத்தார்கள். வீட்டுக்குச் சரி. ஊர் ஜனம் புயல் மழைக்கு ஒதுங்குகிற வழிபாட்டு இடத்துக்கு? மலையிலும் அடிவாரத்திலும் உள்ள மாதா கோவில்களுக்கு ஆசை இருந்தாலும் வழிதான் இல்லை.

பணம் எங்கே?

மத்திய சர்க்கார் 2024-ல் கொண்டுவந்த சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78 ஆயிரம் ரூபாய் மானியம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது விளக்கு, மோட்டாருக்குக் கூட கிலோவாட்டுக்கு 18 ஆயிரம் உண்டு. ஆனால் இது வீடுகளுக்கான திட்டம். மாதா கோவில் வீடும் அல்ல, அடுக்குமாடியும் அல்ல!

தமிழக அரசிடம் வேறொரு திட்டம் இருக்கிறது. சொந்தக் கட்டடத்தில் நடக்கும் தேவாலயங்களைப் பழுது பார்க்க, கட்டடத்தின் வயதைப் பொறுத்து மானியம். 20 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடமானால் 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வெளிநாட்டுப் பணம் வாங்கியிருக்கக் கூடாது. கலெக்டர் தலைமையிலான குழு நேரில் பார்த்து சிபாரிசு செய்யும். நல்ல திட்டம்தான்.

அந்தப் பணத்தில் என்னென்ன செய்யலாம் என்று அறிவிப்பில் ஒரு பட்டியல் வரும். பீடம் கட்டலாம். கழிவறை, குடிநீர் வசதி செய்யலாம். சுற்றுச்சுவர் எழுப்பலாம். மைக் செட், ஒலிபெருக்கி, பெஞ்சு, மெழுகுவர்த்தி ஸ்டாண்டு கூட வாங்கலாம். சோலார் என்ற பேச்சு மட்டும் அதில் இல்லை. மைக் செட்டுக்குப் பணம் உண்டு. அது பேசுவதற்கு வேண்டிய கரண்டுக்கு இல்லை. இது என்ன கணக்கு?

3 கிலோவாட் போட சுமார் 300 சதுர அடி இடம் போதும். நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வரும். பாட்டரி இல்லாமல் ஒன்றரை, இரண்டு லட்சத்துக்குள் முடிகிற காரியம். 20 லட்சத்தில் இது எத்தனை பங்கு?

கையெழுத்து யார் போடுவது?

பங்குச் சாமியார் தாமாக முடிவெடுக்க முடியாது. கட்டடம் மறைமாவட்டத்தின் சொத்து. கள்ளக்குறிச்சிப் பகுதி புதுவை - கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. சி.எஸ்.ஐ. சபை என்றால் அதன் டிரஸ்டு சம்மதிக்க வேண்டும். அப்புறம் மின்வாரியம். வாரம் பூராவும் பூட்டிக் கிடந்து ஞாயிற்றுக்கிழமை விளக்கெரியும் இடத்தில், மிச்சக் கரண்டு கம்பி வழியே வெளியே போகும். அதற்கு என்ன விலை, எப்படிக் கழிப்பார்கள் என்று ஆபீசில் தெளிவாகச் சொன்னால்தான் யாரும் துணிந்து முதல் போடுவார்கள்.

சென்னைக் கோட்டைக்குள் 1680-ல் திறந்த செயின்ட் மேரி சர்ச் மாதிரி தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருந்தால் கதையே வேறு. ஆணி அடிக்கவும் டெல்லி சட்டம் பார்க்க வேண்டும். ஆனால் கிராமத்து மாதா கோவில்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. தடுப்பாரும் இல்லை, வழிகாட்டுவாரும் இல்லை.

அதற்காகப் பழைய கூரையில் கண்டபடி துளை போட்டுவிடலாமா? கூடாது! விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோவில் 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த மாதிரி இடங்களில் சுண்ணாம்புத் தளத்தில் போல்ட் இறக்கினால் அடுத்த மழையில் ஒழுகும். மரச் சட்டம் பாரம் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி.

போப்பாண்டவரின் வாடிகனில் 2008-ல் 2,400 தகடுகள் போட்டார்கள். எங்கே? புனித பீட்டர் ஆலயத்தின் மேல் அல்ல. பக்கத்தில் உள்ள ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரையில். குஜராத் மொதேராவில் சூரியன் கோவில் ஊரே 2022-ல் சோலார் ஊரானது. அங்கும் கோபுரத்தில் கை வைக்கவில்லை. கார் நிற்கும் இடத்துக்குக் கூரை போட்டு அதன் மேல் தகடு வைத்தார்கள்.

மாறாக, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் சர்ச் 500 வருடத்துக் கட்டடம். அதன் மேலேயே 2023-ல் 438 தகடுகள் ஏறின. பழம்பொருள் துறை ஆட்சேபித்தது. நகரசபை அதிகாரிகளும் வேண்டாம் என்றார்கள். நகரசபைக் குழு கூடி விவாதித்து அனுமதி கொடுத்தது. ஈயக் கூரையை எப்படியும் மாற்றுகிற சமயம் அது, தெரிந்துதான் செய்தார்கள். சரியோ தப்போ, கேட்க ஒரு இடம் இருந்தது, பதில் சொல்ல ஆள் இருந்தது.

இங்கே அதிகம் கேட்க வேண்டியதில்லை. மாதா கோவிலை ஒட்டி மண்டபமோ, பள்ளிக்கூடமோ, சாமியார் பங்களாவோ இருந்தால் தகடு அங்கே போகட்டும். 100 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தின் மேலேயே வைக்க வேண்டுமானால் பொதுப்பணித் துறை என்ஜினீயர் பார்த்து, 30 நாளில் முடியும், முடியாது என்று எழுதிக் கொடுக்கட்டும். மலை மேல் பாட்டரிக்கும் சேர்த்து மானியம் வேண்டும். பாட்டரி சில வருடத்தில் ஓய்ந்துபோகும் சாமான். மாற்றுவதற்கு இப்போதே பங்குக் கணக்கில் மாதம் ஒரு தொகை எடுத்து வைக்க நிபந்தனை போடலாம்.

2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு இதற்கெல்லாம் விழுப்புரம் வரை அலைய வேண்டியதில்லை. கலெக்டர் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறார். மானியப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவர் சென்னைக்கு எழுதலாம். தேவாலயங்களிடம் விண்ணப்பம் கேட்டு அடுத்த அறிவிப்பு வரும்போது, மெழுகுவர்த்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சோலார் தகடும் இருக்க வேண்டும்.