உடன்பாட வைக்கும் குரல்கள்

தீர்த்தமலையில் ஏறித் தீர்த்தகிரீசுவரரைப் பலமுறை தரிசித்தவர்கள் எங்கள் பொம்மிடிப் பகுதியில் ஏராளம். அவர்களுள் பலர் இன்று அடிவாரத்திலேயே நின்று, மலையை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்புகின்றனர். முழங்கால் இடம் கொடுப்பதில்லை. இன்னும் சிலருக்கு வீட்டு வாசற்படியே மலையாகிவிட்டது. "கோயிலுக்குத்தான் போக முடியவில்லை, வீட்டிலிருந்தபடி கேட்பதற்கும் பார்ப்பதற்கும் நல்லதாக நாலு சொல்லுங்களேன்" என்று அத்தகைய பெரியவர்கள் கேட்பதுண்டு. இந்த வாரப் பகுதி அவர்களுக்காகவே.

தேர்ந்தெடுப்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. கேட்டு முடிக்கும்போது நம் உதடும் அசைந்திருக்க வேண்டும். விடியற்காலையில் கூடத்தில் சுப்ரபாதம் ஒலிக்கும். அடுக்களையில் மிக்ஸி ஓடும். ஒருவர் செய்தித்தாளில் மூழ்கியிருப்பார். அங்கே பாட்டு இருக்கிறது, கேட்பவர்தான் இல்லை. ஒலிப்பதிவு நமக்குப் பதிலாக இறைவனைத் துதிப்பதற்கு வந்ததன்று. அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுக்கும் ஓதுவாரைப் போன்றது அது.

முதலில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம். 1963இல் இசைத்தட்டாக வெளிவந்தது. 'இதைத்தான் தினமும் கேட்கிறோமே' என்பீர்கள். ஒரே ஒரு நாள், கையில் புத்தகத்துடன் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். சுப்ரபாதம் 29 சுலோகங்கள், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14 என்று நான்கு பகுதிகள் அதில் அடங்கியுள்ளன. இயற்றியவர் மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன். ஆனால் முதல் சுலோகம் மட்டும் வால்மீகி ராமாயணத்தில் விசுவாமித்திரர் இளம் ராமனைத் துயிலெழுப்புவது. இவ்வளவும் தெரிந்துகொண்டு கேட்கும்போது, பல்லாண்டு பழகிய பாட்டு புதிதாகக் காதில் விழும். அம்மையாரின் உச்சரிப்பில் ஓர் எழுத்தும் மழுங்காது. கண் மங்கியவர்கள் புத்தகமின்றியே கேட்டு மனனம் செய்யலாம்.

இரண்டாவதும் அவர் குரலே. விஷ்ணு ஸகஸ்ரநாமமும் பஜகோவிந்தமும். பஜகோவிந்தத்தின் தொடக்கத்தில் ராஜாஜி ஆங்கிலத்தில் சில நிமிடங்கள் பேசுகிறார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர். ஞான வழியும் பக்தி வழியும் வேறல்ல என்பதே அப்பேச்சின் சாரம். அவர் பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் எங்கள் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். எங்கள் மண்ணின் முதியவர் ஒருவரின் குரல் என்பதால் எனக்கு அதன்மீது தனிப் பற்று உண்டு. ஸகஸ்ரநாமத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அதை நமக்கு அளித்த பீஷ்மர் அப்போது எழுந்து நிற்க இயலாமல் அம்புப் படுக்கையில் கிடந்தார். படுக்கையில் இருப்பவர்கள் பகவந்நாமத்துக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மூன்றாவது, தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் பாடிய தேவாரப் பதிகங்கள். பெயரைப் பார்த்து எங்கள் தருமபுரி என்று எண்ணிவிட வேண்டா. இது மயிலாடுதுறையை அடுத்த தருமபுரம் ஆதீனம். பண் பிறழாமலும் சொல் சிதையாமலும் பாடுவது ஓதுவார் மரபு. சங்கதிகளைக் குவித்து நம்மை வியக்க வைப்பது அதன் நோக்கம் அன்று. ஆகவேதான் பாட்டுப் பயிற்சி இல்லாதவரும் பின்தொடர முடிகிறது. பெரும்பாலோர் அறிந்த கோளறு பதிகத்திலிருந்து தொடங்குங்கள். பதினொரு பாடல்கள்தாம், ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பதினொரு நாளில் முழுப் பதிகமும் உங்களுடையதாகும்.

இனித் திரைப்படங்கள். இரண்டே இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, ஜெமினி நிறுவனம் 1942இல் வெளியிட்ட நந்தனார். தேவாரப் பயிற்சி மிக்கவரும், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் பணியாற்றியவருமான எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடினார். 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று தில்லையை எண்ணி ஏங்கியதால் திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்ற அடியார் அவர். தரிசனத்துக்கு ஏங்கும் நெஞ்சங்கள் இப்படத்தில் தங்களைக் காணும். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். அவரைத் தடுத்தது முழங்கால் அன்று. மனிதர் வகுத்த சாதி. நம் இயலாமையையும் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் ஒன்றாக எண்ணுதல் தகாது. பேரப்பிள்ளைகளை உடன் அமர்த்திக்கொண்டு பாருங்கள். 'ஏன் தாத்தா அவரை உள்ளே விடவில்லை?' என்று கேட்பார்கள். மழுப்பாமல் விடை சொல்லுங்கள்.

மற்றொன்று, ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் 1965இல் வந்த திருவிளையாடல். தருமியாக வந்த நாகேஷைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். நான் பரிந்துரைப்பது பாணபத்திரர் பகுதியை. ஆணவத்துடன் பாடும் ஹேமநாத பாகவதராக டி.எஸ். பாலையா நடித்தார், அவருக்குப் பின்னணி பாடியவர் பாலமுரளி கிருஷ்ணா. அவரை எதிர்த்துப் பாட வேண்டுமே என்று நடுங்கி, ஆலவாய் அண்ணலிடம் சரண் புகும் பாணபத்திரராக டி.ஆர். மகாலிங்கம். இறைவன் விறகு சுமந்து வந்து அடியவருக்காகத் தானே பாடுகிறான். 'எனக்குக் குரல் போய்விட்டது, மூச்சு வாங்குகிறது, நான் எப்படிப் பாடுவது?' என்று தயங்குகிறவர்கள் இக்கட்டத்தைக் காண வேண்டும். தன்னால் இயலாது என்று நின்றவருக்காகத்தான் இறைவன் வந்தான்.

நடைமுறைச் செய்தி சில. கைப்பேசியில் யூடியூப் வழியாகக் கேட்டால் நடுவே விளம்பரம் புகுந்து மனத்தைக் குலைத்துவிடும். குறுந்தகடோ, பொத்தானை அழுத்தினால் பாடும் காரவான் போன்ற பெட்டியோ முதியவர்களுக்கு எளிது. காது மந்தமானவர்கள் ஒலியைக் கூட்டுவதைவிடப் பெட்டியை அருகில் வைத்துக்கொள்வது நலம். வீட்டில் உள்ளவர்களுக்கும் தொந்தரவு இராது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க முயலாதீர்கள். முதல் வாரம் கேளுங்கள். இரண்டாம் வாரம் உடன் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் பெட்டியை அணைத்துவிட்டு, நினைவில் நின்ற அளவுக்கு நீங்களே சொல்லுங்கள். இரண்டு வரிதான் நின்றது என்றால், அந்த இரண்டு வரி போதும்.

கைலையைக் காணப் புறப்பட்ட அப்பர் பெருமான் கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலால் ஊர்ந்தும் செல்ல இயலாமற் போனார் என்கிறது பெரிய புராணம். இறைவன் அவருக்குக் கைலைக் காட்சியைக் கொடுத்த இடம் இமயம் அன்று, நம் திருவையாறு. மலைக்குச் செல்ல இயலாத அடியாரைத் தேடி மலையே வந்தது. வரும் பிரதோஷத்தன்று மாலை, கோயிலுக்குச் செல்ல இயலாதவர்கள் விளக்கேற்றி வைத்து ஒரே ஒரு பதிகத்தைக் கேட்டு, கூடவே பாடுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.