மலையேறும் மரதனும் சித்திரை வெயிலும்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது புத்தாண்டு விளையாட்டு விழாக்களுக்கு ஊர் ஊராகக் கொடி கட்டத் தொடங்கியிருப்பார்கள். முட்டி உடைத்தலும் கயிறு இழுத்தலும் தலையணைச் சண்டையும் பின்னேரத்துக்கு. விழாவைத் தொடக்கி வைப்பது பெரும்பாலும் மரதன் ஓட்டம்தான். அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச வேண்டும்.

திருகோணமலையில் ஓடுகிறவருக்குச் சமதரை அதிக நேரம் கிடைப்பதில்லை. மக்கெய்சர் விளையாட்டரங்குப் பக்கமிருந்து கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டிக் கோணேசர் கோயில் வரை ஒருமுறை ஓடிப் பாருங்கள். நடந்து போகையில் கண்ணில் படாத ஏற்றம் கூட ஓடும்போது தொடையில் தெரியும். உவர்மலையும் அப்படித்தான். இந்த ஏற்ற இறக்கமும் இரு பக்கமும் தெரியும் கடலும் எங்கள் ஊருக்கு வாய்த்த பேறு. இதைவிட அழகான ஓட்டப் பாதை இலங்கையில் வேறு எங்கும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் காலம் சித்திரை. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் நேர் உச்சியைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கிறது. எங்கள் உச்சிக்கு அது வருவது ஏறக்குறைய 12ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல் நாளோ அதற்கு முந்திய நாளோ. அந்த வெயிலில், விழாத் தலைவர் வந்து சேரவில்லை, ஒலிபெருக்கி வரவில்லை என்று ஓட்டத்தை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் தள்ளிவிடுகிறோம்.

ஓடுகிற உடலில் எரியும் சக்தியில் கால்வாசிதான் ஓட்டத்துக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பமாக உள்ளேயே தங்குகிறது. அதை வெளியேற்ற எங்களுக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். சொட்டிக் கீழே விழுந்தால் நீர் போனதுதான் மிச்சம். கடலோரத்து ஈரக்காற்றில் அது இலேசில் காயாது. ஏற்றத்தில் நிலைமை இன்னும் மோசம். உழைப்பு கூடுகிறது, வேகம் குறைகிறது, ஓடும்போது முகத்தில் படும் காற்றும் அதோடு குறைகிறது. வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசத் தொடங்கினால் அது மேற்கிலிருந்து, தரைச்சூட்டை அள்ளிக்கொண்டு வரும். கிழக்கே கோணேசர் மலையை நோக்கி ஏறுகிறவருக்கு அது முதுகுக்காற்று. அவரோடு சேர்ந்தே போவதால் அவருக்குக் காற்றே இல்லை என்ற நிலை.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் கடற்கரையில் ஃபல்மத் என்றொரு ஊர். 1973 முதல் அங்கே ஓகஸ்ட் மாதத்தில் 7 மைல் ஓட்டம் நடக்கிறது. எங்கள் ஊரைப் போலவே கடலோரம், மேடு பள்ளம், கோடை வெயில், முடிவுக்கு முன் ஒரு ஏற்றம். 1978இல் அங்கே ஓடிய அல்பேர்ட்டோ சலாசார் என்ற 20 வயது இளைஞர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். உடல் வெப்பம் 107 பாகை பரனைற்றைத் தொட்டிருந்தது; இதுதான் வெப்பத்தாக்கு. பாதிரியார் அவஸ்தைப் பூசுதலே கொடுத்துவிட்டார். பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தித்தான் அவரைக் காப்பாற்றினார்கள். அந்த ஊரார் இதை மறக்கவில்லை. முடிவிடத்திலேயே பனிக்கட்டித் தொட்டிகளை வைத்தார்கள். 18 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வெப்பத்தாக்கு என்று உறுதியான 274 பேருமே உயிர் பிழைத்திருந்தார்கள். வெப்பத்தாக்கால் சாவு வரலாம். உடனே குளிர்வித்தால் அதைத் தடுக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வெயில் இல்லாவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2019இல் டோஹா கடற்கரையில் பெண்களின் உலகச் சம்பியன்ஷிப் மரதனை நள்ளிரவில் நடத்தினார்கள். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேரால் முடிக்க இயலவில்லை. உலகின் முதல்தர வீராங்கனைகள் அவர்கள்.

எங்கள் மாகாணத்துக்கும் ஒரு துயரம் இருக்கிறது. 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அந்தத் தாய் தகப்பனை நினைக்கும்போது எழுதும் கை நின்றுவிடுகிறது. ஒரு பிள்ளையை ஓட அனுப்பும் ஒவ்வொரு விழாக்குழுவும் தன் ஆயத்தத்தை அந்தப் பிள்ளையின் நினைவோடு சரிபார்க்க வேண்டும்.

விளையாட்டுக் கழகங்களுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. ஓட்டத்தைச் சூரியன் எழும்போதே, ஆறு மணிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். தலைவர் எட்டு மணிக்கு வந்து பதக்கம் கொடுக்கட்டும். கோயில் ஏற்றத்தை முதலில் வைத்து, இறங்கி வந்து கடற்கரையோரம் முடியுங்கள்; களைத்த உடலை ஏறுவெயிலில் மலையேற்ற வேண்டாம். கோணேசர் நகர்வலம் வரும்போது தெருவுக்குத் தெரு தாகசாந்தி வைக்கும் சனம் நாங்கள். ஓடுகிற பிள்ளைகளுக்கும் இரண்டு இடத்தில் தண்ணீரும் ஜீவனியும் வைப்பது எங்களுக்குப் புதிதல்ல.

மிக முக்கியமானது பனிக்கட்டி. திருகோணமலையில் அதற்கா பஞ்சம்? மீன் வாடிகளிலிருந்து றெஜிபோம் பெட்டிகளில் ஒவ்வொரு நாளும் ஊர் ஊராகப் போகிறதே! ஆள் இருந்து அமிழக்கூடிய ஒரு தொட்டி, அது நிறையத் தண்ணீர், பக்கத்தில் நாலு பெட்டி ஐஸ். இவை எல்லைக்கோட்டருகில் இருக்க வேண்டும். ஓடிவந்தவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், காரணமின்றிச் சினந்தால் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே, ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஓடி விழுந்தவருக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், ஆனால் அது வரும்வரை காத்திராமல் தலை வெளியே இருக்கத் தொட்டிக்குள் இறக்கிவிடுங்கள். ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்திருக்கட்டும். முதல் அரைமணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது.

ஓடப்போகும் தம்பி தங்கைகளுக்கு: வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். இன்றே மெதுவாகத் தொடங்குங்கள். ஓட்டத்துக்கு முதல் நாள் காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் இந்த வருடம் ஓட வேண்டாம். ஏற்றத்தில் நடப்பது வெட்கம் அல்ல. பார்த்து நிற்கும் பெரியவர்களே, இடையில் நின்றுவிட்ட பிள்ளையைப் பகிடி பண்ணாதீர்கள், கைதட்டுங்கள். அந்தப் பகிடிக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுகிறார்கள்.

உங்கள் ஊர் விழாவில் மரதன் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, தொட்டியும் ஐஸும் யார் பொறுப்பு என்று விழாக்குழுவிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்