1,000 லிங்க், 18,000 ரூபாய்

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதீர்கள், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பிரம்மதேசத்துக்கு என்னைத் தேடி வந்தான். 2004இல் பத்தாம் வகுப்பு முடித்த செட். இப்போது திண்டிவனத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம். அந்த செட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆனால் கமெண்டில் வந்து அவனைக் கலாய்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

"சார், வெப்சைட் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆவுது. கூகுள்ல தேடினா நம்ம கடை எங்கயோ பத்தாவது பக்கத்துல கெடக்குது. மேல கொண்டு வர்றேன்னு ஒரு கம்பெனிக்காரன் 18,000 ரூபா வாங்கினான். மூணு மாசத்துல 1,000 பேக்லிங்க் குடுப்பேன்னான். குடுத்துட்டான் சார். ஆனா ஒண்ணும் நடக்கல" என்றான். கையில் ஒரு எக்செல் தாள். ஏமாந்தோமா இல்லையா என்பதே அவனுக்குப் புரியவில்லை. சொன்ன 1,000 எண்ணிக்கை சரியாக இருக்கிறதே!

கணக்கு வாத்தியாரிடம் வந்தது நல்லதாகப் போயிற்று, இது கணக்குதான்.

பேக்லிங்க் என்பது வேறு ஒன்றுமில்லை. இன்னொருவருடைய இணையப் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு வருகிற சுட்டி. நம் பக்கம் சம்பந்தம் பேசப் போகுமுன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஊரில் விசாரிப்போம் இல்லையா? மாப்பிள்ளை வீட்டாரே தங்களைப் பற்றிச் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டீக்கடையில் ஒருவர் இருப்பார், யாரைக் கேட்டாலும் "தங்கமான பையன்" என்பார். அவர் பேச்சும் கணக்கில் வராது. அதே தெருவில் ஒரு பாட்டி இருப்பார், லேசில் யாரையும் புகழமாட்டார். அவர் "நல்ல குடும்பம்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தட்டை மாற்றிவிடலாம். அந்தப் பாட்டியின் பேச்சுக்கு ஏன் மதிப்பு? ஊரில் நாலு பெரியவர்கள் அவரை மதிப்பதால். சொல்கிறவர் யார், அவரை மதிப்பவர்கள் யார், அவர் எத்தனை பேரை இப்படிச் சொல்கிறார். இந்த மூன்றும்தான் விஷயம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கட்டுரையாக எழுதியதும் இதைத்தான். அதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். 'பேஜ்' என்பது பக்கம் மட்டுமல்ல, லாரியின் பெயரும்கூட. அந்த ஆராய்ச்சியில் உடன் இருந்தவர்களில் ஒருவர் ஜம்முவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ராஜீவ் மோத்வானி. யோசனையின் வேர் இன்னும் பழையது. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம் என யூஜின் கார்ஃபீல்டு 1955இலேயே எழுதினார். அதை இணையத்துக்குக் கொண்டுவந்து, எண்ணினால் மட்டும் போதாது, எடையும் போட வேண்டும் என்றதுதான் இந்தப் பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனம்.

கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். எண்கள் என் கற்பனை, வழிமுறை அவர்களுடையது. மதிப்பு 100 உள்ள ஒரு பக்கம் 4 பேருக்கு மட்டும் லிங்க் கொடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் 25. அதை 0.85 ஆல் பெருக்க வேண்டும். (படிப்பவர் எப்போதும் லிங்க்கைத் தொட்டுக்கொண்டே போகமாட்டார், சில நேரம் சம்பந்தமில்லாத வேறு பக்கத்துக்குத் தாவிவிடுவார், அதற்கான கழிவு அது.) ஆக 21.25. இப்போது மதிப்பு 2 உள்ள ஒரு பக்கம் 400 பேருக்கு லிங்க் கொடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் 0.005. அப்படிப்பட்ட 1,000 பக்கங்களிலிருந்து உங்களுக்கு லிங்க் வந்தாலும் மொத்தம் 5. கழிவு போனால் 4.25. மதிப்புள்ள ஒருவரின் ஒரு சொல், இந்த ஆயிரத்தைப் போல ஐந்து மடங்கு.

இதை அவனிடம் போட்டுக் காட்டிவிட்டு எக்செல் தாளைத் திறந்தோம். பாதி முகவரிகள் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் ஒன்று சூதாட்டப் பக்கம். இன்னொன்று என்ன மொழியென்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்தில் செருப்புக் கடை, பல் மருத்துவமனை, கடன் கம்பெனி என நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே இவன் கடை. விக்கிப்பீடியாவிலும் ஒன்று செருகியிருக்கிறார்கள், அதை யாரோ நீக்கியும் விட்டார்கள். நீக்காமல் இருந்தாலும் பயன் இருந்திருக்காது. அங்கே வெளியே போகும் லிங்க்குகளில் 'நோஃபாலோ' என்றொரு குறிப்பு இருக்கும். இதை என் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. 2005இல் வந்தது.

"காசு குடுத்து லிங்க் வாங்கறது தப்பா சார்? பெரிய கம்பெனியெல்லாம் வாங்குறாங்களாமே" என்றான். வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய துணிக்கடை நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து லிங்க் வருவதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். முதல் இடத்தில் இருந்த பக்கங்களைக் கூகுள் ஒரே நாளில் கீழே தள்ளியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து இதையே இயந்திரத்தால் செய்யத் தொடங்கினார்கள். 2016க்குப் பிறகு இப்படிப்பட்ட லிங்க்குகளைத் தண்டிப்பதைவிட, பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். நம் பையனுக்கு நடந்தது அதுதான். 18,000 ரூபாய் போனதே தவிர, கடைக்குக் கெடுதல் நேரவில்லை.

அவன் வெப்சைட்டைப் படித்துப் பார்த்தேன். இங்கே எனக்குக் கோபம் வந்தது. முழுக்க ஆங்கிலம், அதுவும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. 'பாரம்பரியம்', 'தூய்மை', 'ஆரோக்கியம்' என்கிற பொருள்படும் அலங்காரச் சொற்கள். திண்டிவனம் என்ற பெயர் முகவரியில் மட்டும்தான் இருந்தது. "டேய், நீ எந்த ஊரில் மல்லாட்டை எண்ணெய் ஆட்டுகிறாய் என்று தெரியுமா?" என்று கேட்டேன். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2 என்ற வேர்க்கடலை ரகம் 1940இல் அங்கிருந்து வெளியானது, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூடப் பல பத்தாண்டுகள் விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இவன் வேறு யாரோ எழுதிய ஆங்கிலத்தை ஒட்டியிருக்கிறான்.

எந்த ரகம் வாங்குகிறாய், எந்தப் பட்டத்தில் விதைத்தது, எத்தனை கிலோ பருப்புக்கு எத்தனை லிட்டர் வருகிறது, கசடு அடங்க எத்தனை நாள், புண்ணாக்கை யார் வாங்குகிறார்கள், ஒரு லிட்டருக்கு ஏன் இந்த விலை. இதையெல்லாம் எழுது என்றேன். தமிழில் எழுது. வேர்க்கடலை, நிலக்கடலை, மணிலா, மல்லாட்டை என்று எல்லாப் பெயரையும் எழுது. மல்லாட்டை என்று தட்டித் தேடுகிறவன் நம்மூர்க்காரன், அவனுக்கு முதலில் கிடைக்க வேண்டியது நீ. இப்படி ஒரு பக்கம் இருந்தால், வேளாண்மை பற்றி எழுதுகிற யாரோ ஒருவர் "விவரம் இங்கே இருக்கிறது" என்று தானாக லிங்க் கொடுப்பார். அந்த ஒரு லிங்க்தான் கணக்கில் வந்த 21.25.

இவனுக்கு அறிவுரை சொல்லி அனுப்பிய பிறகு இரவு தூக்கம் வரவில்லை. காரணம் இன்னொரு மாணவி.

நம் மாவட்டத்திலேயே இரண்டு பிரம்மதேசம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். திண்டிவனம் – மரக்காணம் பக்கம் நம் ஊர். எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில் சோழர் காலக் கோயில்கள் உள்ள ஊர் இன்னொன்று. செய்யாறு பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று வேறு. பாதாளீஸ்வரர் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த கார் நம் தெருவில் நின்று வழி கேட்டதுண்டு. "இது இல்லிங்க, அது வேற" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாணவி இந்தக் குழப்பம் தீரும்படி ஒரு பதிவு எழுதினாள். நாலு ஊர்களுக்கும் வழி, கோயில்களின் பெயர், எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த கல்லூரி பற்றிய கல்வெட்டுச் செய்தி, அவளே எடுத்த படங்கள். இரண்டு விடுமுறை முழுக்க அலைந்து எழுதியது. எனக்கும் அனுப்பினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுத்தை மட்டும் நகல் எடுத்து, மேலே "படித்ததில் பிடித்தது" என்று போட்டு, உங்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் பெயர் இல்லை, முகவரியும் இல்லை. அது நூறு குழுக்களுக்குப் போயிற்று. இரண்டு இணையதளங்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் பெயரில் போட்டன. அன்றிரவு எழுந்து தேடிப் பார்த்தேன். அந்த இரண்டும் மேலே வந்தன. அவளுடையது எனக்கு அகப்படவே இல்லை, பழைய மின்னஞ்சலைத் தோண்டித்தான் எடுத்தேன்.

வாட்ஸ்அப்பில் போவதைக் கூகுள் பார்ப்பதில்லை. அங்கே எத்தனை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் எழுதியவளுக்கு ஒரு லிங்க்கும் சேராது. ஆனால் முகவரியோடு அனுப்பியிருந்தால், படித்தவர்களில் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் பத்துப் பேரில் ஒருவராவது அவளைக் காட்டியிருப்பார். அந்த வாசலை அடைத்தது நான். காசு கொடுத்துப் பொய்ச் சாட்சி வாங்கியவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். உண்மைச் சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் பெயரை அழித்தவன் நான். இரண்டில் எது பெரிய தப்பு என்று கேட்டால், என்னுடையதுதான். தமிழில் நல்லதாக எழுதுகிற பலர் இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுவதற்கு நம்மைப் போன்ற 'படித்ததில் பிடித்தது' ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் கமெண்டில் எழுதுங்கள், சண்டைக்கு நான் தயார்.

அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பரவாயில்ல சார், இப்ப எழுதறதே இல்ல" என்றாள். பரவாயில்லை என்றது சமாதானம் சொன்ன மாதிரி இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களில் இணையதளமோ வலைப்பதிவோ வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். கோயில், சுற்றுலா, வரலாறு என்று எழுதுகிறவர்கள் அவள் பதிவைப் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால், பொருத்தமான இடத்தில் லிங்க் கொடுங்கள். "இங்கே கிளிக் செய்க" என்று எழுதாதீர்கள். "விழுப்புரம் மாவட்டத்தின் இரண்டு பிரம்மதேசங்கள்" என்று எழுதி அந்தச் சொற்களின் மேல் லிங்க் வையுங்கள். லிங்க் வைத்த சொல்லையும் தேடுபொறி படிக்கிறது. பிடிக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம், சார் சொன்னார் என்பதற்காகக் கொடுப்பதும் விலைக்கு வாங்கியது மாதிரிதான்.

அவள் அனுமதியோடு முகவரியை முதல் கமெண்டில் பெயருடன் போட்டிருக்கிறேன். எண்ணெய்க் கடைக்காரன் முகவரியைப் போடவில்லை. மல்லாட்டைப் பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். திருத்திக் கொடுத்த பிறகு பார்க்கலாம்.