பட்டாளத்துச் சோறும் பானைக் கஞ்சியும்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம் இல்லங்களில், சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றிவிடும் வழக்கம் பெருகி வருகிறது. அதைக் கண்டு வருந்தும் மூத்தோரும் உளர். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் இளையோரும் உளர். அக்கேள்விக்குப் பட்டாளத்துப் பானையிலிருந்து விடை காண்போம்.

குப்பத்தை அடுத்த சாந்திபுரம் இன்று ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் அமைவதற்கு முன், சித்தூர் நகரமே வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. ஆகவே ஆர்க்காட்டுக் கஞ்சிக் கதை அப்பக்கத்தாருக்கு அயலார் கதையன்று. 1751-இல் ராபர்ட் கிளைவின் சிறு படை ஆர்க்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகையில் அகப்பட்டது. அரிசி அருகியபோது, சோற்றை வெள்ளைக்காரருக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சியே எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் கூறினார்களாம். மெக்காலே 1840-இல் எழுதிய கட்டுரையால் இக்கதை உலகெங்கும் பரவிற்று. அதை விசுவாசத்தின் பெருமையாகவே யாவரும் படித்தனர். அடுப்பின் முன் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சோற்றோடு எது போயிற்று? கஞ்சியில் எது தங்கிற்று?

சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்க்கு உள்ளூர்ப் பாளையத்தில் சமைத்த உணவு வழங்கப்படுவதில்லை. சம்பளத்தில் கடைவீதியில் தானியம் வாங்குவான். உடன் வாழும் குடும்பத்தார் சமைப்பர். கடல் கடந்து போருக்குப் போனால்தான் அரசாங்கம் படியளக்கும். 1824 மே மாதம் சென்னைப் படைகள் ரங்கூனில் இறங்கியபோது, நகரத்து மக்கள் அனைவரும் ஊரைக் காலி செய்துவிட்டிருந்தனர். பச்சைக் காய்கறி கிடைக்கவில்லை. கறவை மாடுகளும் இல்லை. மூட்டையில் வந்த சரக்கைக் கொண்டே மழைக்காலத்தைக் கழித்த அப்படையில், போரில் மாண்டவரைவிட நோயில் மாண்டவரே மிகுதி.

வெள்ளைக்காரச் சோல்ஜரின் நிலையும் உயர்ந்ததன்று. அக்காலத்தில் இங்கிலாந்தில் அவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் ரொட்டியும் முக்கால் ராத்தல் இறைச்சியும் உண்டு. அதைச் சமைக்க இரண்டு செப்புக் கொப்பரைகளே இருந்தமையால், ஆண்டு முழுதும் வேகவைத்த இறைச்சியையே தின்றான். 1854-இல் கிரைமியாப் போரில் வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையை அளந்து கொடுத்தனர். வறுக்கச் சட்டியும் இல்லை, அரைக்கக் கல்லும் இல்லை. கணக்கில் காப்பி வழங்கப்பட்டது; குடித்தவர் சிலரே. மறு ஆண்டு அலெக்சிஸ் சோயர் என்னும் சமையற் கலைஞர் அங்கே சென்று, குறைந்த விறகில் எரியும் அடுப்பை அமைத்து, அதே சரக்கிலிருந்து சூப்பும் குழம்பும் ஆக்கிக் காட்டினார். சரக்கு வேறு, சாப்பாடு வேறு என்பதை அதிகாரிகள் அப்போதுதான் உணர்ந்தனர்.

அரிசி உண்ணும் பட்டாளங்களுக்கோ அதனினும் கொடிய படிப்பினை காத்திருந்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சடைத்துக் கொல்லும் பெரிபெரி நோயைப் பற்றி, சென்னைப் படை வைத்தியர் மால்கம்சன் 1835-இல் ஒரு நூல் வெளியிட்டார். வடசர்க்கார் ஜில்லாக்களில் அந்நோய் மிகுதி என்பதை அவர் கண்டார், காரணம் தெரியவில்லை. 1882-இல் புறப்பட்ட ரியூஜோ என்னும் ஜப்பானியப் போர்க்கப்பலில் 376 பேரில் 169 பேர் அந்நோய்வாய்ப்பட்டனர். 25 பேர் இறந்தனர். கடற்படை வைத்தியர் தகாகி 1884-இல் வேறொரு கப்பலை அதே வழியில் அனுப்பி, வெள்ளையரிசியைக் குறைத்து இறைச்சியும் பிற தானியமும் சேர்த்தளித்தார். அதில் பெரிபெரிக்கு ஒருவரும் பலியாகவில்லை. புரதக் குறைவே காரணம் என அவர் எண்ணியது பிழை. ஆயினும் மருந்து பலித்தது.

உண்மையை வெளிப்படுத்தியவை கோழிகள். ஜாவாவின் பத்தாவியா நகரில், இராணுவ மருத்துவமனையின் மிச்சச் சோற்றைத் தின்ற ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. புதிதாய் வந்த சமையற்காரர், பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்கு இடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. இதைக் கவனித்து ஆராய்ந்த எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டிலுள்ள அந்த உயிர்ச்சத்தை 1926-இல் பிரித்தெடுத்தனர். அதுவே தயமின் எனப்படும் பி1.

நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும், வடித்தாலும், அதில் ஒரு பங்கு நிலைத்து நிற்கும். புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் பெரிபெரி அரிதாயிருந்ததற்கு இதுவே காரணம். தீட்டிய பச்சரிசியிலோ எஞ்சியிருக்கும் சொற்பச் சத்தும், பலமுறை கழுவும் நீரிலும் வடித்த கஞ்சியிலும் போய்விடும். ஆகவே கஞ்சி குடித்த சிப்பாய்க்கு வயிறு நிறைந்திராது. ஆயினும் சோற்றிலிருந்து பிரிந்த உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அவன் கலயத்தில்தான் விழுந்தது.

நாமும் ஒருவகையில் கடல் கடந்த சிப்பாய்களே. கடையில் கிடைத்ததை வாங்கி, கிடைத்த நேரத்தில் ஆக்குகிறோம். ஆதலின் சகோதரிகளும், தனியறையில் தாமே சமைக்கும் தம்பிகளும் இவற்றைக் கைக்கொள்ளலாம். கூடுமானவரை புழுங்கலரிசி வாங்குக. இருமுறை மட்டும் கழுவுக. அளவாக நீர் வைத்து வடிக்காமல் ஆக்குக. வடித்தால் கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து அன்றே பருகுக, அல்லது ரசத்தில் சேர்க்க. வாரம் இருநாள் சாந்திபுரத்துப் பக்கத்தார் செய்வதுபோல், நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, கேழ்வரகு மாவைத் தூவிக் களி கிண்டுக. அதில் வடிக்க நீரும் இல்லை. இழக்கச் சத்தும் இல்லை.

படியளப்பவர் எடையை மட்டுமே பார்ப்பார். உண்பவருக்கு உயிர் தருவது ஆக்கும் கை. அக்கை நம்முடையதாக இருக்கும்வரை, கஞ்சியைக் கொட்டுமுன் ஒரு கணம் நிற்போமாக.