புரியும், பேசத்தான் வராது

நம் பொங்கல் விழாவில் இந்த ஆண்டும் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. மேடையில் பாடிவிட்டு இறங்கிய ஒரு சிறுவனைப் பிடித்து நிறுத்தி, ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று கேட்டார். பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா கூச்சத்தோடு சிரித்து, "எல்லாம் நல்லாப் புரியும் மாமா, பேசத்தான் வராது" என்றார். "பரவாயில்லைம்மா" என்று பெரியவர் பையனின் தலையைத் தடவினார். அந்தப் 'பரவாயில்லை'யில் இருந்த பரிதாபத்தை நானும் ஒரு காலத்தில் வாங்கியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பேச வராததற்காக நாம் வெட்கப்படுகிறோம். சரி. ஆனால் 'எல்லாம் புரியும்' என்ற முதல் பாதியை ஒன்றுமில்லாததைப்போல் தள்ளிவிடுகிறோமே, அது சரியா? கேட்பது என்பது சும்மா உட்கார்ந்திருப்பவன் காதில் தானாக வந்து விழுவது, அதற்கு உழைப்பு கிடையாது, மதிப்பும் கிடையாது என்று நமக்கு ஒரு எண்ணம். மேல்நாட்டு விஞ்ஞானமும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தது. அது மனம் மாறிய கதை நம்மைப்போல் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது.

என் ஊர் காந்தலூர். இராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை அல்ல; அது திருவனந்தபுரம் பக்கம் என்பார்கள். எங்களுடையது இடுக்கி மாவட்டத்தில், மறையூரிலிருந்து மேலே ஏறிப் போகும் மலையூர். பூண்டும் கரும்பும் ஆப்பிளும் விளையும். மறையூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடியோடு சேர்த்து அஞ்சுநாடு என்று சொல்வது வழக்கம். எங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது பெரியவர்கள் வாக்கு. ஆக, குடிபெயர்வது எங்களுக்குப் புதிதல்ல! நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது எனக்குப் பதினைந்து வயது. அதுவரை என் தமிழ் முழுவதும் காது வழியாக வந்ததுதான். திண்ணையில் அப்பாவும் பெரியப்பாவும் உடுமலைச் சந்தை விலையைப் பேசுவார்கள். மலையிலிருந்து முதுவர்கள் தேனோடு இறங்கிவந்து அவர்கள் பேச்சில் பேசுவார்கள். நாங்கள் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து கேட்போம். யாரும் எங்களைப் பேசச் சொல்லவில்லை. பேச வேண்டிய நாள் வந்தபோது பேச்சு இருந்தது.

இரவில் கரும்புக் காட்டுக் காவலுக்குப் பரணில் படுத்திருக்கும்போது, அப்பா திடீரென்று கையை உயர்த்தி எங்களை அடக்குவார். "சத்தம் கேக்கலடா, ஆனா காத்து அடைச்ச மாதிரி இருக்கு, ஆனை கிட்டத்துலதான் நிக்குது" என்பார். நாங்கள் சிரிப்போம். 1984-இல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி, போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில் யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஒரு அதிர்வை உணர்ந்தார். சிறுவயதில் மாதா கோயில் பாடகர் குழுவில், பெரிய ஆர்கன் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற நினைவு அவருக்கு வந்ததாம். கருவி வைத்துப் பார்த்தால், வினாடிக்கு 20 அதிர்வுக்கும் கீழே, மனிதக் காதுக்கு எட்டாத குரலில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன. அப்பா உணர்ந்ததும் அதுதானா என்று நான் வாதாட வரவில்லை. சிரித்தது தவறு என்று மட்டும் தோன்றியது.

நம் முன்னோர் காதைக் குறைவாக மதிக்கவில்லை. உயிர்களை அறிவின்படி அடுக்கும் தொல்காப்பியர், தொடுவதில் தொடங்கி, சுவை, மணம், பார்வை என்று ஏறி, செவியை ஐந்தாவதாக, மனத்துக்கு அடுத்த படியில் வைக்கிறார். கண்ணுக்கும் மேலே காது! வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, 42-ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். படிக்காதவனும் கேட்கட்டும் என்கிறார். அன்று கேள்வி என்றால் செவிவழிக் கல்வி. இன்று நாம் பரீட்சைத் தாளில் வருவதை மட்டும் கேள்வி என்கிறோம். நியாய சாஸ்திரக்காரர்களோ, ஒலி குளத்து அலைபோல் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்து காதை அடைகிறதா, அல்லது கடம்பம் பூப்போல் எல்லாத் திசையிலும் ஒருசேர விரிகிறதா என்று வாதிட்டார்கள்.

மேல்நாட்டில் நவீன தத்துவத்தின் தந்தை எனப்படும் டெக்கார்ட், 1637-இல் வெளியிட்ட ஒளி பற்றிய நூலைத் தொடங்கும்போதே, புலன்களில் பார்வைதான் உயர்ந்தது என்று சொல்லிவிட்டார். பிறகு காதுக்கு மிஞ்சியது ஒரு கருவியின் இடம். 1851-இல் இத்தாலியரான கோர்ட்டி, உட்காதின் நத்தைச் சுருளுக்குள் இருக்கும் நுண்ணிய உறுப்பை விவரித்தார். 1863-இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலி பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி, அந்தச் சுருளுக்குள் பியானோ தந்திகளைப்போல் வரிசையாக இழைகள் இருக்கின்றன, எந்தச் சுருதி வருகிறதோ அதற்குரிய இழை அதிர்கிறது என்றார். அழகான கருத்துதான். ஆனால் பியானோ தானாக வாசிக்காது அல்லவா? அதைப்போலக் காதும் வெளியே இருந்து வரும் அடிக்குக் காத்திருக்கும் ஒரு பெட்டி ஆயிற்று.

அந்த நூல் சென்னையில் ஒரு மாணவனின் கைக்குக் கிடைத்தது. அவர்தான் சர் சி. வி. ராமன். பிப்ரவரி 28-ஆம் தேதியைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும்போது நாம் அவரை ஒளிக்காகவே நினைக்கிறோம். நோபல் பரிசும் ஒளிக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவருடைய தொடக்க கால ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஒலியில் நடந்தது. அவரும் நம்மைப்போல் வேலைக்காகக் குடிபெயர்ந்த தமிழரே. 1907-இல் நிதி இலாகா உத்தியோகத்துக்குக் கல்கத்தா போனார். பகலில் கணக்கு, காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. வீட்டில் மனைவி லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பார். தோல் கருவி எழுப்புவது வெறும் சத்தம், அதில் சுருதி ஒழுங்கு இருக்காது என்பது அன்றைய மேல்நாட்டுக் கணிதம். சாதாரணத் தோலுக்கு அது உண்மையும்கூட. மிருதங்கத்தையும் தபலாவையும் கேட்டு வளர்ந்த காது அதை ஒப்பவில்லை. வலந்தலையின் நடுவே சோறும் கல்பொடியும் பிசைந்து பூசிய கரணை, தோலின் அதிர்வுகளை இழுத்துப் பிடித்து, தந்தியின் ஒலியைப்போல் ஒழுங்கான ஐந்து இசைவொலிகளாக அமைத்துவிடுகிறது என்று 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ராமன் எழுதினார். அடுத்த ஆண்டு தம்பூராவையும் வீணையையும் எடுத்துக்கொண்டார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசையாத இசைவொலிகள் கேட்கக் கூடாது என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்து விதி. நம் வளைந்த குதிரையும், தம்பூராவில் அதன்மேல் தந்திக்கு அடியில் செருகும் நூலும் சேர்ந்து அந்த விதியைப் பொய்யாக்குவதை அவர் காட்டினார்.

இதை ராமனின் பெருமையாக மட்டும் சொல்லக் கூடாது. கரணையைக் கண்டுபிடித்தவர்கள் யார்? பெயர் தெரியாத தொழிலாளிகள். பாலக்காட்டுப் பக்கம் பெருவெம்பாவில் மிருதங்கமும் செண்டையும் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பூச்சு, தட்டிக் கேட்பது, தேய்ப்பது, மறுபடி பூசுவது, அளவுகோல் காதுதான். அந்தக் காது தந்தை பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பழகியது.

பிறகு வந்தவர் பெக்கெஸி. ஹங்கேரியில் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர். இறந்தவர்களின் காதுகளை எடுத்து, நத்தைச் சுருளில் ஒலி அலை எப்படி ஓடுகிறது என்று கண்ணாலேயே கண்டார். 1961-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் பார்த்தது உயிரில்லாத காது! 1948-இலேயே தாமஸ் கோல்ட் என்ற இளைஞர், காது வெறுமனே வாங்கிக்கொள்ளும் கருவியாக இருந்தால் இவ்வளவு நுட்பமாகக் கேட்க முடியாது, அது தன் சொந்தச் சக்தியைச் செலவிட்டாக வேண்டும் என்று வாதாடியிருந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1978-இல், லண்டனில் டேவிட் கெம்ப் மனிதக் காதுக்குள் சின்ன மைக் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, காது தானே மெல்லிய ஒலி எழுப்புவது பதிவாயிற்று. 1985-இல் பிரவுனெல், உட்காதின் வெளிவரிசை மயிரணுக்கள் நீண்டு சுருங்குவதைக் காட்டினார். வரும் ஒலியில் தனக்கு வேண்டியதை அவை கூட்டிக் கொடுக்கின்றன. பிறந்த குழந்தையின் செவியை இன்று ஆஸ்பத்திரியில் சோதிக்கிறார்களே, அதில் ஒரு முறை கெம்ப் கண்ட இந்த எதிரொலியைப் பிடிப்பதுதான். ஆக, கேட்பது ஒரு செயல். ஓரமாக உட்கார்ந்து கேட்கும் பிள்ளை சும்மா இல்லை.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நான் அமெரிக்கா வந்தது 1988-இல். மகள் பிறந்தது 1991-இல். தமிழ் போய்விடுமே என்ற பயத்தில் ஊரிலிருந்து கேஸட்டாக வாங்கிக் குவித்தேன். குழந்தைப் பாட்டு, கதை, திருக்குறள். தொட்டிலருகே டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் இருவரும் வேலைக் களைப்பில் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவோம். குழந்தைக்கு அந்தக் கேஸட்டுகளிலிருந்து ஒரு சொல்லும் ஒட்டவில்லை.

ஏன் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளை ஒலித்துக் காட்டினார்கள். நம் 'த', 'ட' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைப் பிடித்துவிட்டன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலானவற்றுக்கு அது நழுவிப்போயிருந்தது. காது தன்னைச் சுற்றி உள்ளவர்கள் பயன்படுத்தும் ஒலிகளுக்காகத் தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. 2003-இல் சியாட்டிலில் பட்ரீசியா கூல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார். சீனம் பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை பேசி விளையாடிய குழந்தைகள், தைவானில் வளரும் குழந்தைகளுக்கு நிகராக அந்த ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்களை, அதே பேச்சை டிவியிலும் ஒலிநாடாவிலும் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

என் கேஸட்டுகளுக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டாம்.

ஆனால் என் மகளின் காதில் வேறொன்று தங்கியிருந்தது. அவளுக்கு எட்டு மாதமானபோது என் அம்மா காந்தலூரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பூண்டு உரித்தபடியே ஓயாமல் பேசுவார். பிறகும் அவள் தமிழ் பேசவில்லை. 'புரியும், பேசத்தான் வராது' வரிசையில் நாங்களும் நின்றோம். கல்லூரியில் அவளாகவே தமிழ் வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் போனில் "அப்பத்தா, வாழைப்பழம் சாப்டீங்களா?" என்றாள். ழகரம் அப்படியே வந்தது! ஒரு குடும்பத்துக் கதை விஞ்ஞானமாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 2002-இல் டெரி அவ் முதலியோர் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. சிறுவயதில் ஸ்பானிஷ் மொழியைப் பேசாமல், வீட்டில் காதில் வாங்க மட்டும் செய்தவர்கள், பெரியவர்களாகி அதைப் படிக்கும்போது, முன்பு கேட்காதவர்களைவிட நல்ல உச்சரிப்போடு பேசினார்கள். புரிந்துகொண்டு சும்மா நிற்கும் நம் பிள்ளைகள் கையில் ஒரு விதை இருக்கிறது. "பரவாயில்லை" என்று சொல்லி அதைத் தட்டிவிடாதீர்கள்.

இப்போது அம்மாவுக்கு 88 வயது. காதுக்குள் இருக்கும் சுமார் 15,000 மயிரணுக்களும் போனால் போனதுதான். பறவைகளுக்குத் திரும்ப முளைக்கும், மனிதருக்கு இல்லை. மெல்லிய கீச்சுக் குரல்தான் முதலில் மறையும். ஆண்கள் பேச்சு ஓரளவு கேட்கிறது, குழந்தைகள் குரல் கேட்பதில்லை. வாங்கிக் கொடுத்த செவிக்கருவி அலமாரியில் இருக்கிறது. "எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து மோதுதுடா" என்கிறார். வேண்டியதைப் பொறுக்கிக் கூட்டிக் கொடுத்த அணுக்கள் அவருக்கு இல்லையே. பேத்தி மகளுக்கு இப்போது ஏழு மாதம். வீடியோவில் பூட்டிக்கு அவள் மழலை எட்டவில்லை, அவளுக்குப் பூட்டி ஒரு கண்ணாடிப் படம். டிசம்பரில் எல்லோரும் காந்தலூர் போவதாக டிக்கெட் எடுத்திருக்கிறோம். அதற்குள் அவளுக்கு ஒரு வயது நெருங்கிவிடும் என்பதுதான் என் கவலை.

நம் சங்கத்துக்கு என் யோசனை இதுதான். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து மேடையில் ஒப்பிக்கவைக்கும் தமிழைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். சனிக்கிழமை வகுப்பில் முதல் அரை மணி புத்தகமும் வேண்டாம், போனும் வேண்டாம். ஆறு மாத விசாவில் வந்து அபார்ட்மெண்ட் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் நம் பெற்றோர்களை அழைத்து வந்து பேசவிடுவோம். ஊர்க்கதையோ, வம்போ, சமையலோ, எதுவானாலும் சரி. பிள்ளைகள் பக்கத்தில் உட்காரட்டும்; கைக்குழந்தைகளை அவர்கள் மடியில் கொடுங்கள். பதில் சொல் என்று யாரும் பிள்ளைகளை நெருக்க வேண்டாம்.

செயற்குழு முடிவு செய்யும்வரை, வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டிலேயே தொடங்குகிறோம். பணியாரம் உண்டு. வண்டி வசதி இல்லாத பெரியவர்கள் முந்தின நாள் சொல்லியனுப்பினால், நானே வந்து அழைத்துப் போகிறேன்.