சிரிக்கத் தெரியாத நூலைக் குழந்தை ஏன் படிக்க வேண்டும்?

நம் தமிழ்ப்பள்ளி நூலகம் ஒன்றிற்குள் சென்று, படக்கதை நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும் அலமாரியிலிருந்து கைக்கு வந்த பத்து நூல்களை எடுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் படியுங்கள். ‘ஆகவே, பொய் சொல்லக் கூடாது.’ ‘ஆகவே, பெரியோர் சொல்லைக் கேட்க வேண்டும்.’ ‘ஆகவே, ஒற்றுமையே வலிமை.’ பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிறகு, குழந்தை வாய்விட்டுச் சிரிக்கும்படி ஒரு பக்கமாவது அவற்றில் உண்டா என்று தேடுங்கள். கிடைத்தால் எனக்கும் தெரிவியுங்கள், மகிழ்வேன்.

இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கக்கூடும். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் நூல்களை விட்டு விலகுவதற்குக் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் மட்டுமே குறை சொல்வது நேர்மையன்று. குழந்தை சிரித்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெரியவர்களும் அதற்குக் காரணம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். மலாய்மொழியில் அது ‘உப்பின் இப்பின்’ பார்த்துச் சிரிக்கிறது. 2007ஆம் ஆண்டு முதல் வரும் அந்தக் கேலிச்சித்திரத் தொடரில் ராஜூவும் அங்கிள் முத்துவும் இருக்கிறார்கள். நம்மவர் முகங்களைக் கண்டு சிரிப்பதற்கும் அது மலாய் நிகழ்ச்சியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் சிரிக்க நூல்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. தமிழ் எங்கே வருகிறது? ‘எழுந்திரு’, ‘குளி’, ‘வீட்டுப்பாடம் முடித்தாயா?’, ‘சத்தம் போடாதே’. கட்டளையிடவும் ஏசவும் மட்டுமே ஒரு மொழி பயன்படுமானால், அந்த மொழியின்மீது குழந்தைக்கு அன்பு எங்கிருந்து பிறக்கும்?

நமக்குக் கிடைக்கும் காலமோ ஆறே ஆண்டுகள். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின், தமிழ் அவர்களுக்குப் பல பாடங்களுள் ஒரு பாடம். அதையும் விரும்பி எடுத்தால்தான் உண்டு. பன்னிரண்டு வயதிற்குள் தமிழ் நூலைத் தானாகக் கையில் எடுக்கும் பழக்கம் வராத பிள்ளைக்குப் பிறகு அது வருவது அரிது. ஆகவே, இஃது ஏதோ பொழுதுபோக்குப் பற்றிய பேச்சன்று.

நகைச்சுவை தமிழுக்கு அயலான சரக்கா? எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியம் நகையைத்தான் முதலில் வைக்கிறது. வீரமாமுனிவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ 1822ஆம் ஆண்டிலேயே ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் சீடன், தன்னை விட்டுவிட்டு ஆள் எண்ணிப் ‘ஒருவனைக் காணோமே’ என்று அழும் கூட்டம், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கும் அறிவாளிகள்! குருவையே கேலிக்குள்ளாக்கும் கதை அது. அதனால் தமிழ்ச் சமுதாயத்தில் குருபக்தி குறைந்து போயிற்றா?

நம் நாட்டிலேயே பாருங்கள். 1979ஆம் ஆண்டில் வெளிவந்த லாட்டின் ‘கம்போங் பாய்’ நூலில் கம்பத்துச் சிறுவன் ஒருவன் குளிக்கிறான், ஓடுகிறான், குறும்பு செய்கிறான். எந்தப் பக்கத்திலும் ‘ஆகவே’ என்னும் சொல் வந்து நம் தோளைத் தட்டுவதில்லை. இருந்தும், அந்நூலை அறியாத மலேசியர் குறைவு.

‘சிரிப்பெல்லாம் சரி, படிப்பு வருமா?’ என்று கேட்கும் பெற்றோர்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1954ஆம் ஆண்டில் ஜான் ஹெர்சி என்னும் எழுத்தாளர், அமெரிக்கப் பள்ளிகளின் தொடக்கநிலை வாசிப்பு நூல்கள் உயிரற்றுக் கிடப்பதைக் கண்டித்து ‘லைப்’ இதழில் எழுதினார். அதன் விளைவாக, தொடக்கநிலை மாணவருக்கான சொற்பட்டியலுக்குள் நின்று ஒரு நூல் எழுதும்படி டாக்டர் சூஸ் கேட்டுக்கொள்ளப்பட்டார். 1957ஆம் ஆண்டில் தொப்பி அணிந்த பூனை ஒன்று வீட்டையே தலைகீழாக்கும் கதை வந்தது. அதில் பயன்பட்ட வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. 1960ஆம் ஆண்டில் வெறும் 50 சொற்களில் இன்னொரு நூலையும் அவர் எழுதிக் காட்டினார். அடுத்த பக்கத்தில் என்ன கூத்து நடக்குமோ என்னும் ஆவலே கோடிக்கணக்கான பிள்ளைகளை வாசிக்க வைத்தது.

நம் மொழியிலும் இதற்கு வளம் கொட்டிக் கிடக்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை நாம் சொல்வதெழுதுதல் நடத்தியும், பிழைக்குப் பத்துமுறை திருத்தம் எழுத வைத்தும் கற்பிக்கிறோம். அதையே கதையாக்கிப் பாருங்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு மளிகைக்கடை. அம்மா புளி வாங்கி வரச் சொல்கிறார். பையன் கடைக்காரரிடம், ‘அங்கிள், கால் கிலோ புலி கொடுங்க’ என்கிறான். ‘இருக்கே!’ என்று அவர் உள்ளே போகிறார். பக்கத்தைத் திருப்பினால், தராசுத் தட்டில் ஒரு புலி உட்கார்ந்திருக்கிறது! ‘கால் கிலோ கிடையாது தம்பி, முழுசாத்தான் தருவேன்’ என்கிறார் கடைக்காரர். கடைசிப் பக்கத்தில் புலி சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, ‘ரசத்துல புளி பத்தல’ என்று முகத்தைச் சுளிக்கிறது. அவ்வளவுதான் கதை. இதைக் கேட்ட குழந்தை புளிக்கும் புலிக்கும் உள்ள வேறுபாட்டை வாழ்நாளில் மறக்குமா?

இந்தக் கதையில் சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பக்கத்தைத் திருப்பும் அந்த நொடியில் இருக்கிறது. சொல் மறைத்ததைப் படம் காட்டுகிறது. நம் நூல்களிலோ ‘பையன் கடைக்குச் சென்றான்’ என்று வரி சொல்கிறது. படமும் பையன் கடைக்குச் செல்வதையே காட்டுகிறது. பிறகு படம் எதற்கு? எழுதி முடித்துவிட்டு, இறுதியில் ஓவியரிடம் ‘படம் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்பதால் வரும் கோளாறு இது.

தமிழகத்திலிருந்து நல்ல படக்கதை நூல்கள் வராமலில்லை. 1996இல் தொடங்கிய சென்னைத் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் அழகிய நூல்களைத் தருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே படிக்கலாம். அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால், ஆட்டோவும் ரூபாயும் வரும் கதையோடு நம் பிள்ளையின் உலகம் முடிந்துவிடுமா? பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைக் கடை, கொமுட்டர் இரயில், மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுபவர், இவையெல்லாம் நம் நூல்களில் எப்போது வரும்? பத்துமலையின் 272 படிகளில் வாழைப்பழப் பையுடன் ஏறும் தாத்தாவையும், படிக்கட்டில் காத்திருக்கும் குரங்குக் கூட்டத்தையும் வைத்து இன்னும் யாரும் எழுதாவிட்டால் அது குரங்குகளின் குற்றமன்று.

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். ‘நீதி வேண்டாமா?’ என்பார்கள். நன்னெறிக் கல்வி என்று தனிப்பாடமே இருக்கிறது, ஆத்திசூடி இருக்கிறது, திருக்குறள் இருக்கிறது. கதையின் வாலில் ஒட்டவைக்கும் நீதி, குழந்தையின் அறிவை நம்பாமையின் அடையாளம். ‘பேச்சுத்தமிழ் கலந்தால் மொழி கெடும்’ என்பார்கள். கதைசொல்லியின் வரி நல்ல தமிழில் இருக்கட்டும். ஆனால், ஏழு வயதுப் பையன் தன் தங்கையிடம் செந்தமிழில் சண்டையிட்டால் குழந்தைகள் அந்தப் பையனை நம்ப மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் நானும் கண்டிப்பாகச் சொல்வேன். எதைக் கண்டு சிரிக்க வைக்கிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். பருமன், கறுப்பு நிறம், திக்குவாய், தோட்டத்துப் பேச்சு ஆகியவற்றைக் காட்டிச் சிரிக்க வைப்பது நகைச்சுவையன்று. கன்னத்தில் அறைந்தும் உருவத்தைப் பழித்தும் சிரிப்பூட்டும் திரைப்படக் காட்சிகளை நம் பிள்ளைகள் வேண்டிய அளவு பார்த்தாயிற்று. வகுப்பில் உள்ள ஒரு குழந்தை தலைகுனிய மற்றவை சிரிக்கும் நூல் நமக்கு வேண்டாம். பெரியவர்களின் வீறாப்பையும், மறதியையும், நம் எல்லாருடைய அசட்டுத்தனத்தையும் கண்டு அனைவரும் சேர்ந்து சிரிக்கும் நூலே வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. சிறுவர் கதைப் போட்டி நடத்துவோர், மதிப்பெண் பட்டியலிலிருந்து ‘படிப்பினை’ என்னும் கட்டத்தை நீக்குங்கள். ‘குழந்தை சிரித்ததா?’ என்று ஒரு கட்டம் சேருங்கள்.

2. எழுத்தாளரும் ஓவியரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து அமருங்கள். ஓவியருக்கு முறையான ஊதியம் கொடுங்கள்.

3. அச்சிடுமுன் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்காத பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள்.

4. பெற்றோரே, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பயிற்சி நூல்களையே மூட்டை மூட்டையாக வாங்குகிறீர்கள். அந்தப் பணத்தில் மாதம் ஒரு கதைநூல் வாங்கிப் பிள்ளையோடு அமர்ந்து சத்தமாகப் படியுங்கள்.

5. ஆசிரியர் நண்பர்களே, கதை முடிந்ததும் ‘இதிலிருந்து நாம் அறிந்துகொண்ட நீதி யாது?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னொரு தடவை படிக்கலாமா, டீச்சர்?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்களா என்று மட்டும் காத்திருந்து பாருங்கள்.