மக்ரூனில் முந்திரி எங்கே?

சென்னை மால்களில் கலர் கலராக அடுக்கி வைத்திருக்கும் பிரெஞ்சு மக்ரோனை வாங்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லை. கண்ணாடிப் பெட்டி, மஞ்சள் விளக்கு, 'கூர்மே' என்று ஒரு போர்டு... சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதே ஆட்கள் தூத்துக்குடி பேக்கரியில் நின்றால் கதையே வேறு. "கிலோ இவ்வளவா? பக்கத்துக் கடையில குறைச்சுத் தர்றாங்களே!"

இந்தப் பேரம்தான் மக்ரூனுக்கு எமன்.

மக்ரூனில் இருப்பது மூன்றே பொருள்: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. பிரெஞ்சுக்காரர்கள் பாதாம் மாவில் செய்து, இரண்டு வில்லைகளுக்கு நடுவே க்ரீம் வைப்பார்கள். தூத்துக்குடியில் பாதாமுக்குப் பதில் முந்திரி, நடுவில் ஒன்றும் கிடையாது. போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பலகாரம் என்று ஊரில் சொல்வார்கள். அது எப்படியோ, பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான்.

செய்வது லேசுப்பட்ட வேலை அல்ல. வெள்ளைக்கருவில் மஞ்சள்கரு கலந்தால் நுரை சரியாக எழும்பாது. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, நுரை அமுங்காமல் முந்திரித்தூளைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பி ஒவ்வொன்றாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நிதானமாக வேகவைக்க வேண்டும். திறந்து வைத்தால் ஈரக்காற்று பட்டு நமுத்துப்போகும்.

சரி, விலையைக் குறை என்றால் கடைக்காரர் எதைக் குறைப்பார்? மூன்றில் விலை அதிகமானது முந்திரி. அதைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டினாலும் அதே வெள்ளைக் கூம்புதான். பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

1970-ல் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் விளக்கினார். எது நல்ல கார், எது ஓட்டை கார் என்று வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவான். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல காரை வைத்திருப்பவன் விலகிப்போவான். மிஞ்சுவது ஓட்டை மட்டுமே. 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்த ஆய்வுக்காகத்தான். மக்ரூனுக்கும் இதே கணக்குதான். முந்திரியை ஒழுங்காகப் போடுபவர் முதலில் கடையை மூடுவார்.

"அப்போ பணக்காரன் மட்டும்தான் சாப்பிடணுமா?" என்று கேட்கலாம். கிலோவாக வாங்க வேண்டாம், நூறு கிராம் வாங்கினால் போதும். நல்லது நூறு கிராம், சர்க்கரைக் கட்டி ஒரு கிலோவைவிட மேல்.

கடைக்காரர்களையும் சும்மா விடக்கூடாது. எல்லாக் கடையிலும் 'அசல்', 'ஒரிஜினல்' என்று எழுதிவைத்தால் எது அசல்? அதே மாவட்டத்துக் கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல விஷயம். ஆனால் கண்ட ஊர்க்காரன் பெயரைத் திருடாமல் இருக்கத்தான் குறியீடு முக்கியமாக உதவும். உள்ளூர்க்காரரே முந்திரியைக் குறைத்தால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

பேக்கரிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கிலோ மக்ரூனில் முந்திரி எத்தனை கிராம் என்று விலைப்பலகையில் எழுதிவிடட்டும். கூடுதல் விலைக்கான காரணம் கண்ணெதிரே இருக்கும். எழுதப் பயப்படும் கடை எது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதுவரை வாங்குபவர்கள் கேள்வியை மாற்றிக்கொள்ளட்டும். "விலை எவ்வளவு?" என்பதற்கு முன்னால், "முந்திரி எவ்வளவு அண்ணாச்சி?"